22-ஆம் போர்ட்டைப் பூட்டி வைத்திருப்பவனின் புலம்பல்

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சை, கடவுச்சொல்லை நிறுத்திவிட்டுச் சாவிக் கோப்பை மட்டும் வைத்துப் பயன்படுத்தும் நண்பர் ஒருவர், கிளவுட் ஃபயர்வாலில் அதன் வாசலான 22-ஆம் போர்ட்டையும் அடைப்பதால் என்ன லாபம் என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலை மின்வெட்டில் அணைந்த வீட்டு ரவுட்டர் புது ஐபி முகவரியோடு எழுந்திருந்தது. பழைய முகவரியை மட்டுமே அனுமதித்திருந்ததால் என் சர்வர் என்னையே உள்ளே விடவில்லை.

இருந்தாலும் லாபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போர்ட் திறந்து கிடந்த காலத்தில் லாக்கைப் பார்த்தால் ரூட், அட்மின், டெஸ்ட், ஒராக்கிள் என்று பெயரை மாற்றி மாற்றி எவனாவது தட்டிக்கொண்டே இருப்பான். எந்த முகவரியிலிருந்தும் வரலாம் என்னும் 0.0.0.0/0 விதியை நீக்கி என் முகவரியை மட்டும் விட்டதும் எல்லாம் அடங்கிவிட்டது. சாவியே போதும் என்பவர்களுக்கு 2024 ஜூலையை நினைவூட்ட வேண்டும். அப்போது எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சில் வெளியான பாதுகாப்பு ஓட்டை உள்நுழைவுக்கு முன்பே வேலை செய்யக்கூடியது. சாவியா கடவுச்சொல்லா என்று அது பார்க்காது. ஊரே பதறிய அன்று நான் சாப்பிட்டு முடித்து நிதானமாக அப்டேட் போட்டேன்.

நான் எதிர்பாராத நன்மை, செயலிகளைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் அடைத்து ஓட்டும் டாக்கர் விஷயத்தில் கிடைத்தது. ஒரு கன்டெய்னரின் போர்ட்டை வெளியிடும்போது டாக்கர் தானே லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் விதி எழுதிக்கொண்டு, சர்வருக்குள் இருக்கும் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலுக்குத் தெரியாமல் வழி விட்டுவிடும். கிளவுட் ஃபயர்வால் சர்வருக்கு வெளியே நிற்பதால் அந்தச் சாமர்த்தியம் அதனிடம் பலிக்காது.

இனி எரிச்சல். இந்த விதிகளுக்குக் காலாவதித் தேதி என்று ஒன்று கிடையாது. முகவரி மாறும்போதெல்லாம் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குப் போய், இரண்டு படிச் சரிபார்ப்பைத் தாண்டி, புது விதி சேர்க்க வேண்டும். பழையது தானாகப் போகாது. என் பட்டியலின் குறிப்புப் பத்தியில் 'வீடு', 'வீடு புதுசு', 'வீடு இப்போது' என்று வரிசையாக நிற்கின்றன. அவற்றில் இரண்டு முகவரிகள் இந்நேரம் அதே பிராட்பேண்டின் வேறு சந்தாதாரர்களிடம் இருக்கும். அவர்களுக்கு என் சர்வரின் வாசல் திறந்தே இருக்கிறது. மொபைல் ஹாட்ஸ்பாட்டிலிருந்து வேலை செய்தால் இன்னும் வேடிக்கை: அங்கே ஒரே ஐபிவி4 முகவரியைப் பெருங்கூட்டம் பங்கு போட்டுக்கொள்கிறது. புதுவகை முகவரியான ஐபிவி6-க்குத் தனி விதி என்பது வேறு. மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில் சில மணி நேரத்துக்கு மட்டும் போர்ட்டைத் திறந்துவிட்டுத் தானே மூடும் வசதி உண்டு, காசு கட்டினால். நான் சர்வர் வைத்திருக்கும் கிளவுட் நிறுவனத்தில் காசு கட்டினாலும் கிடைக்காது. கேட்டு எழுதினேன், 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

இந்த ஃபயர்வாலுக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். மூன்றாவதைக் கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் விதியை எடுத்துவிடவும் மாட்டேன்.

நண்பருக்குச் சொன்னது இதுதான்: 22-ஐ வெளியே யாருக்கும் திறக்காதீர்கள், உங்கள் வீட்டு முகவரிக்கும் சேர்த்துத்தான். வயர்கார்டு என்ற விபிஎன்னுக்கு ஒரு யுடிபி போர்ட் மட்டும் விட்டு, அதன் வழியாக உள்ளே போங்கள். சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு அது பதிலே தராது, உங்கள் முகவரி எத்தனை முறை மாறினாலும் கவலைப்படாது. அப்படியானால் நீங்கள் ஏன் இன்னும் மாறவில்லை என்று கேட்டார். அடுத்த மாதம் மாறுவதாகச் சொல்லியிருக்கிறேன்.