கிளட்ச் இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை: ஹைரைடர் ஹைப்ரிடுடன் 46,000 கிலோமீட்டர்

"தம்பி, இது வண்டி இல்லீங்க, உண்டியல். போட்டுட்டே இருக்கோணும், எடுக்க முடியாது."

என் பழைய காரைப் பற்றி எங்கள் மெக்கானிக் அண்ணன் சொன்னது இது. அவருக்கு அந்தக் காரால் மாதாமாதம் வருமானம். அவரே இப்படிச் சொன்ன பிறகும் ஒன்றரை வருடம் வைத்து ஓட்டினேன் என்றால் என் பிடிவாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அது 2010 மாடல் டீசல் செடான். 2016ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே காரை இன்றும் பூப்போல வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கு முந்தைய ஓனர் எப்படி ஓட்டினாரோ. முதல் வருடம் கிளட்ச் போனது. அடுத்து ஆல்டர்னேட்டர். அப்புறம் டர்போவில் ஆயில் கசிவு. ஏசி கம்ப்ரஸரைக் கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடையில் தேடிப்பிடித்து மாட்டினோம். இவற்றையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். ஸ்டார்ட்டர் மோட்டாரைத்தான் மன்னிக்க முடியவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பானட்டைத் திறந்து, வீல் ஸ்பானரின் நுனியால் ஸ்டார்ட்டரின் முதுகில் நான் இரண்டு தட்டு தட்ட, அதே நொடியில் உள்ளே என் மனைவி சாவியைத் திருப்ப வேண்டும். கல்யாண மண்டப பார்க்கிங்கில், பட்டுப்புடவையோடு அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து "இப்பவா? இப்பவா?" என்று கேட்டுக்கொண்டிருந்ததை நான்கு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசியில் அதை விற்க வைத்தது வால்பாறை. 2022 மே மாதம், அப்பா அம்மாவோடு போகும்போது பதினேழாவது கொண்டை ஊசி வளைவில் வெப்ப முள் மேலே ஏறியது. ரேடியேட்டர். மூன்று மணி நேரம் ரோட்டோரம். ஒரு தேயிலை லாரிக்காரர் குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் கொடுத்துவிட்டுப் போனார். பொள்ளாச்சியிலிருந்து மீட்பு வண்டி வந்து ஏற்றும்போது அம்மா அமைதியாகச் சொன்னார், "இனி நான் பஸ்ஸுலயே வந்துக்கறேன் கண்ணு."

அந்த ஆண்டுதான் டொயோட்டா ஹைரைடரும் மாருதி கிராண்ட் விட்டாராவும் வந்தன. இரண்டும் பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் தயாராகும் சகோதரர்கள். உள்ளே இருக்கும் ஹைப்ரிட் சமாச்சாரம் (பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து காரை ஓட்டுவது) ஒன்றேதான், முகமும் சாவியும் வேறு. மின்சாரக் காரையும் யோசித்தேன். எங்கள் அடுக்ககத்தில் பார்க்கிங்குக்கு சார்ஜர் இணைப்பு எடுக்க அசோசியேஷன் ஒத்துக்கொள்ளவில்லை, அந்தக் கதை அங்கேயே முடிந்தது. ஹைரைடர் வி ஹைப்ரிடை புக் செய்து, காத்திருந்து, 2023 ஜனவரியில் எடுத்தேன். எல்லாம் சேர்த்து ஆன்ரோடு கிட்டத்தட்ட 23 லட்சம். அப்போது தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 15 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் பத்து முதல் இருபது லட்சம் வரையிலான காருக்கு அது 18 ஆனது. ஷோரூமில் நடந்த இன்சூரன்ஸ் பேரமும், கேட்காமலே பில்லில் ஏறிய மேட் செட்டும் வழக்கமான கூத்து, விட்டுவிடலாம்.

கார் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எனக்கு இந்தக் கார் பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான். முன்னால் மூன்று சிலிண்டர், 1,490 சிசி பெட்ரோல் எஞ்சின், 92 பிஎஸ் (குதிரைத்திறன்). கூடவே 80 பிஎஸ் மின் மோட்டார். கூட்டினால் 172 வர வேண்டும் என்று நானும் நினைத்தேன், கணக்கில் 116தான். பேட்டரி மிகச் சிறியது, 0.76 யூனிட். அதை வைத்து வீட்டு ஏசியை ஒரு மணி நேரம்கூட ஓட்ட முடியாது. அதனால் மோட்டாருக்கு அதன் முழுப் பலத்துக்கும் தீனி போட இதனால் ஆகாது. பிளக் போட்டு சார்ஜ் செய்யும் வேலையும் கிடையாது. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிப் பேட்டரியை நிரப்பும். போதவில்லை என்றால் எஞ்சின் நிரப்பும்.

டெலிவரி எடுத்து ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. எஞ்சினையும் மோட்டார்களையும் சக்கரத்தோடு இணைப்பது ஒரு கியர் தொகுதி, நடுவில் கிளட்ச் கிடையாது. எஞ்சினைக் கிளப்புவதும் ஹைப்ரிட் மோட்டார்தான், தனி ஸ்டார்ட்டர் கிடையாது. 12 வோல்ட் பேட்டரியை ஹைப்ரிட் பேட்டரியே சார்ஜ் செய்துவிடுகிறது, ஆல்டர்னேட்டர் கிடையாது. டர்போவும் கிடையாது. ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவது, எஞ்சின் பெல்ட்டுக்கு அதோடு சம்பந்தமில்லை. என் பழைய காரில் ஒவ்வொன்றாக உயிரை வாங்கிய உருப்படிகளில் நான்கு இந்தக் காரில் இல்லவே இல்லை. இல்லாத சாமான் எப்படிப் பழுதாகும்? மெக்கானிக் அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் பானட்டுக்குள் குனிந்து, ஸ்டார்ட்டர் இருக்க வேண்டிய இடத்தைத் தேடிவிட்டு, "அப்ப எனக்கு என்னதாங்க வேலை?" என்றார்.

வீடு வடவள்ளி, வேலை சின்னியம்பாளையம் பக்கம். போக வர 46 கிலோமீட்டர். கார் எடுத்ததிலிருந்து அவினாசி ரோட்டில் மேம்பாலம் கட்டி முடிக்கும் வரை இந்தக் காரில்தான் ஊர்ந்தேன். நவ இந்தியா, பீளமேடு, ஹோப் காலேஜ் என்று ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சின் அணைந்து கிடக்கும், ஏசி மட்டும் ஓடும். முன்னால் இருக்கிற பஸ் நகர்ந்தால் சத்தமே இல்லாமல் நாமும் நகரலாம். பேட்டரி தீர்ந்துவிட்டால் எஞ்சின் எழுந்து சில நிமிடம் உழைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். வெறும் மின்சாரத்தில் ஒரே மூச்சில் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகாது, ஆனால் அந்த ஒன்றிரண்டு திரும்பத் திரும்ப வரும். நெரிசல் எவ்வளவு மோசமோ அவ்வளவு மைலேஜ்: லிட்டருக்கு 24, நல்ல நாளில் 26. அலுவலகத்தில் எல்லோரும் டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டு உள்ளே வரும்போது நான் மட்டும் திரையில் பார்த்த எண்ணைச் சொல்லிக்கொண்டு வருவேன். அது அவர்களுக்குப் பிடிக்காது.

2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தாயிற்று. இப்போது மேலே ஏறினால் ஒரே சீராக எழுபதில் போய் இறங்கலாம். எனக்கு இருபது நிமிடம் மிச்சம், மைலேஜில் ஒன்றரை நட்டம்.

நெடுஞ்சாலையில் கதை வேறு. கோவையிலிருந்து சென்னைக்கு நூறு, நூற்றுப்பத்தில் போனால் லிட்டருக்கு 18தான் கிடைக்கும். எண்பதோடு நிறுத்திக்கொண்டால் 22 வரும், ஆனால் சேலம் தாண்டியபின் எண்பதில் போகும் பொறுமை யாருக்கு இருக்கிறது? விளம்பரத்தில் போடும் 27.97 என்ற எண் ஆய்வகச் சோதனையில் வந்தது. மூன்று வருடத்தில் அந்த எண்ணை ஒரே ஒரு முறை பார்த்தேன், அதுவும் மலையிறங்கும் வழியில். ஓவர்டேக் செய்ய ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தால் எஞ்சின் ஒரே சுருதியில் கத்தும், கால் கிலோ உளுந்தை வைத்துக்கொண்டு வெட் கிரைண்டர் வெறும் கல்லாக ஓடுகிற மாதிரி. வேகம் கூடும், ஆனால் சத்தம் முதலில் வரும், வேகம் பின்னால் வரும். பாதியளவு மிதித்துப் பழகிவிட்டால் இந்தத் தொல்லை குறைகிறது.

சரி, வால்பாறை. புதுக்காரில் அம்மாவை முதலில் அங்கேதான் கூட்டிப் போனேன். ஆழியாறு தாண்டி ஏறும்போது சராசரி 12 காட்டியது, பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கியது, எஞ்சின் முனகிக்கொண்டே வந்தது. பதினேழாவது வளைவில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். வெப்பம் ஏறவில்லை. ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூவைப் போகும்போது நிறுத்திப் பார்க்காமல் தாண்டியது பயத்தால்தான் என்பதைத் திரும்பும்போது ஒத்துக்கொண்டோம்.

இறக்கத்தில்தான் இந்தக் காரின் இன்னொரு முகம் தெரியும். கியர் லீவரில் 'B' என்று ஒரு நிலை உண்டு (பார்க்கிங்குக்கான 'P' இல்லை). அதில் போட்டால் காலை எடுத்தவுடன் மோட்டார் சக்கரத்தைப் பிடித்து இழுத்து பேட்டரியை நிரப்பும். நாற்பதாவது வளைவில் பாதியாக இருந்த பேட்டரி, முப்பதை நெருங்குவதற்குள் நிரம்பிவிட்டது. இத்தனை சின்னப் பேட்டரி வேறென்ன செய்யும்? நிரம்பிய பின் ஒரு விநோதம்: காலை எடுத்த நிலையிலேயே எஞ்சின் தானாக உறுமத் தொடங்கியது. அம்மா என் கையைப் பிடித்தார். எனக்கும் வயிற்றைக் கலக்கியது. அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன், பேட்டரியில் இடம் இல்லாதபோது மிச்சச் சக்தியைச் செலவழிக்கப் பெட்ரோல் இல்லாமலே எஞ்சினைச் சுழற்றி, அதையே பிரேக்காகப் பயன்படுத்துகிறது. பயப்பட ஒன்றுமில்லை. கீழே வந்து இறங்கியபோது சக்கரத்தின் பக்கம் பிரேக் கருகும் வாசனை இல்லை. 40,000 சர்வீஸில் பிரேக் பேட் இன்னும் பாதிக்கு மேல் இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். டயர்தான் 42,000ல் மாற்ற வேண்டியதாயிற்று.

டிக்கி சிறியது. பேட்டரி அதன் தரைக்கு அடியில் உட்கார்ந்திருப்பதால், மைல்ட் ஹைப்ரிட் மாடலில் (அதில் மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்க மட்டும்தான், தனியாகக் காரை ஓட்டாது) கிடைக்கும் இடத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இதில். தரையும் சமமாக இராது, படிக்கட்டு மாதிரி இருக்கும். ஆனைமலைப் பக்கம் ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு சிப்பம் அரிசி, முப்பது தேங்காய், ஒரு வாழைத்தார் என்று அப்பா அடுக்குவார். தேங்காய்கள் அந்தப் படியில் உருண்டு, ஒவ்வொரு வேகத்தடையிலும் டொக் டொக் என்று முட்டும். இப்போது தேங்காயைச் சாக்கில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, பின் சீட்டின் கால்மாட்டில் வைத்துவிடுகிறோம். வாழைத்தாருக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

ஒரு முறை கார் என்னைக் கைவிட்டது, அதில் தப்பு என்னுடையது. வெளியில் ஒரு கடையில் டேஷ்கேம் வாங்கி, கார் நிற்கும்போதும் பதிவாகும்படி ஒயர் போட்டிருந்தேன். குடும்பத்தோடு 24 நாள் சென்னையில் இருந்துவிட்டு வந்து பார்த்தால் கதவே ரிமோட்டில் திறக்கவில்லை. 12 வோல்ட் பேட்டரி காலி. ஹைப்ரிட் பேட்டரி நிறையச் சார்ஜோடு இருந்தாலும், இந்தச் சின்ன பேட்டரி செத்துவிட்டால் கார் விழிக்காது, கிளம்பத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு எரியாது. பக்கத்து வீட்டுப் பெரியவரின் இருபது வருடப் பழைய காரிலிருந்து ஜம்ப்பர் ஒயர் கொடுத்துத்தான் எழுப்பினோம். "இருபத்து மூணு லட்சத்துக்கு என்ற வண்டிதானுங்க கைகொடுக்குது" என்று இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். அதற்குப் பிறகு நீண்ட நாள் ஊருக்குப் போனால், டேஷ்கேமைக் கழற்றிவிட்டு, வாரம் ஒரு முறை யாரையாவது அரை மணி நேரம் ரெடியில் போட்டு வைக்கச் சொல்கிறேன்.

வென்டிலேட்டட் சீட்டுக்கு ஏப்ரல், மே மாதங்களில் கும்பிடு போடலாம். பனோரமிக் ரூஃப் மகளுக்காக வாங்கியது. வெயிலில் திறக்க முடியாது, மழையிலும் திறக்க முடியாது, மூன்று வருடத்தில் பத்து முறை திறந்திருப்போம்.

பணக் கணக்குக்கு வருகிறேன். 46,200 கிலோமீட்டருக்கு நான் நோட்டில் எழுதி வைத்த சராசரி 21.8. பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2.16 லட்சம் ஆகிறது. இதே ஓட்டத்துக்கு ஹைரைடரின் மைல்ட் ஹைப்ரிட் ஆட்டோமேட்டிக்கை எடுத்திருந்து 14.5 கிடைத்திருந்தால் 3.25 லட்சம் ஆகியிருக்கும். மூன்று வருட மிச்சம் 1.09 லட்சம். வாங்கிய அன்று இரண்டுக்கும் விலை வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு லட்சம். ஆக, போட்ட கூடுதல் காசு திரும்ப இன்னும் இரண்டரை வருடம் ஓட்ட வேண்டும். ஹைப்ரிட் பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருப்பதால் அதுவரை தூக்கம் கெடாது. வரி விஷயத்தில்தான் எரிச்சல்: மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், இந்த அளவு ஹைப்ரிடுக்கு செஸ்ஸோடு சேர்த்து 43 இருந்தது, 2025 செப்டம்பரில் 40 ஆனது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற காரையும் பெட்ரோல் குடிக்கிற பெரிய காரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது என்ன நியாயம்?

வாரம் இரண்டு முறை சேலத்துக்கும் பெங்களூருக்கும் ஓடுகிற என் மச்சான் போன மாதம் வந்து இதை எடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் மாப்ள, உங்க ஓட்டத்துக்கு நாலுவழிச் சாலையில இது வாங்கின காசைக் கொடுக்காது, டீசல் பாருங்க என்றேன். சாவியை வாங்கிக்கொண்டு வடவள்ளியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். அவருக்கு மைலேஜ் கணக்கெல்லாம் காதில் ஏறவில்லை. அந்த மேல் கூரை கண்ணாடி டீசல் வண்டியில் எதில் வருகிறது என்று மட்டும் விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.