ஆற்றில் கன உலோகம்: எந்த லார்வாவைக் கேட்பது?

சுரங்கக் கழிவு கலக்கும் ஓடையில் ஒரு குடுவைத் தண்ணீர் மொண்டு சோதித்தால், அந்த நிமிடத்தின் கணக்குதான் கிடைக்கும். இத்தகைய ஓடைகள் பலவற்றில் கரைந்த துத்தநாகம் விடியலை ஒட்டி ஏறி, பிற்பகலில் இறங்கிவிடும். மதியம் மொண்டவருக்கு ஆறு சுத்தமாகவே தெரியும். மாதக்கணக்கில் அதே நீரில் கிடக்கும் பூச்சி லார்வாவை இப்படி ஏமாற்ற முடியாது. ஆனால் எந்த லார்வா?

கல்லிடுக்கில் வலை பின்னி, அடித்து வரும் துணுக்குகளைத் தின்னும் ஹைட்ரோப்சைக்கி (கேடிஸ் ஈ வகை) என்பதே என் முதல் தேர்வு. மொன்டானாவின் கிளார்க் ஃபோர்க் ஆற்றில் பியூட், அனகொண்டா பகுதிச் செம்புக் கழிவை 1908 வெள்ளம் வாரிக்கொண்டு போய்க் கரையோரமெங்கும் படியவிட்டது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் அங்கே 1980களிலிருந்து இந்த லார்வாவின் உடலில் உள்ள உலோகத்தை அளந்து வருகிறது. செம்பு, காட்மியம் இரண்டுக்கும் நம்பகமான சாட்சி இது. துத்தநாகத்தை உடலே ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்வதால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

வேலை கெடுவது பெரும்பாலும் கரையிலேயே. பிடித்த லார்வாவைப் பழக்கத்தில் சாராயத்தில் (எத்தனால்) போட்டுவிட்டால் உலோகம் அதில் கசிந்துவிடும். உடனே உறைய வைக்க வேண்டும். இடுக்கி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். ஆய்வகத்தில் இனம் பிரித்து, அயனி நீக்கிய நீரில் அலசி, உலர்த்தி, அடர் நைட்ரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு 50 மி.கி. உலர் எடையாவது தேற வேண்டும். அதற்குப் பல லார்வாக்களைச் சேர்க்கும்போது ஒரே பருமன் உள்ளவையாகப் பார்த்து எடுங்கள். சிறிய லார்வாவும் பெரியதும் எடைக்கு எடை ஒரே அளவு உலோகத்தைச் சுமப்பதில்லை.

தட்டை உடம்பு மே ஈக்களுக்கு (ஹெப்டஜெனிடே) அமிலமும் வேண்டாம், கருவியும் வேண்டாம், எண்ணினால் போதும். கொலராடோவில் லெட்வில் சுரங்கங்களுக்குக் கீழே ஆர்கன்சாஸ் ஆற்றில் உலோகம் ஏறிய இடங்களில் முதலில் குறைந்தவை இவைதான். எந்த உலோகம் என்று மட்டும் இவை சொல்லாது. சிறகு முளைத்துப் பறந்துபோன பருவத்தில் வலை போட்டால் மாசில்லாத ஓடையும் வெறுமையாகவே காட்டும். ஆகவே மேலோடையிலும் கீழோடையிலும் ஒரே வாரத்தில் எடுக்க வேண்டும்.

கல்லே இல்லாத சேற்று ஆற்றில் இந்த இரண்டும் கிடைக்காது. அங்கே மீன் வளர்ப்போர் ரத்தப்புழு என்று வாங்கும் கைரோனோமஸ் (கொசு போன்ற, கடிக்காத ஈயின் லார்வா) தான் கதி. உலோக மாசு இதன் பல்வரிசையைக் கோணலாக்கும். தலையை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் தெளிய வைத்து, அடிப்பக்கம் மேலே இருக்கும்படி கண்ணாடித் தகட்டில் அமர்த்தினால் மென்டம் என்ற பல்வரிசை தெரியும்: நடுவில் மூன்று முனையுள்ள பல், இருபுறமும் ஆறாறு. பல் குறைவதும் ஒட்டிப் பிறப்பதும் குறைபாடு. உடைந்த பல்லின் விளிம்பு சொரசொரப்பாக இருக்கும், அதைக் குறைபாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓர் இடத்துக்கு நூறு தலைகளாவது பார்க்க வேண்டும். மாசற்ற இடத்திலும் சில விழுக்காடு குறைபாடு உண்டு, பூச்சிக்கொல்லியும் இதே கோணலைத் தரும். அதனால் பல்லை மட்டும் நம்பி உலோகத்தின் மேல் பழி போட மாட்டேன். புழுவையும் அமிலத்தில் கரைத்து அளப்பேன். அதற்கு முன் சுத்தமான நீரில் ஒரு நாள் விட்டுக் குடலைக் காலி செய்ய வேண்டும். அடியில் நைலான் வலைத்தட்டு வையுங்கள். இல்லாவிட்டால் கழித்த சேற்றையே திரும்பத் தின்றுவிடும்.