கேன்சல் ஆனதும் ரூம் திறக்கிறது, பங்களா திறப்பதில்லை

கொடைக்கானலில் நாலு ரூம் பங்களா எடுத்து நடத்தும் நண்பர், “எந்த சேனல் மேனேஜர் வாங்கலாம், நீங்க வச்சிருக்கிறது எப்படிப் போகுது?” என்று கேட்டிருந்தார். பல புக்கிங் தளங்களின் காலி ரூம், ரேட் விவரத்தை ஒரே இடத்திலிருந்து மாற்றும் மென்பொருள்தான் சேனல் மேனேஜர். என் மென்பொருள் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மெயிலும் வந்திருக்கிற நேரம். அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் காரமாகவே இருக்கும். கம்பெனி பெயர் வேண்டாம்.

ஐகேல் லிங்க்கை (ஒரு தளத்தின் காலண்டரை இன்னொரு தளத்துக்குக் காட்டும் லிங்க்) வைத்தே ஓட்டுகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. ஐகேல் தேதியை மட்டும்தான் கொண்டுபோகும். ரேட் போகாது, குறைந்தபட்ச இரவுக் கணக்கும் போகாது. அந்தத் தேதியையும் ஓடிஏ (புக்கிங் டாட் காம் போன்ற புக்கிங் தளம்) தனக்கு வசதிப்பட்ட நேரத்தில்தான் வந்து எடுத்துக்கொள்ளும். டபுள் புக்கிங் விழுவது அந்த இடைவெளியில்தான். இரண்டு மூன்று தளங்களில் விற்கிறீர்கள் என்றால் நேரடி இணைப்புள்ள சேனல் மேனேஜர் கட்டாயம் வேண்டும்.

என் எரிச்சல் வேறு இடத்தில். மலையில் பலரும் ஒரே சொத்தை இரண்டு விதமாக விற்கிறோம்: புக்கிங் டாட் காம், மேக்மைட்ரிப், அகோடாவில் தனித்தனி ரூமாக, ஏர்பிஎன்பியில் முழு பங்களாவாக. பங்களா விற்றால் நாலு ரூமும் மூட வேண்டும். ஒரு ரூம் விற்றாலும் பங்களா மூட வேண்டும். இது இரண்டையும் என் மென்பொருள் நொடிகளில் செய்துவிடுகிறது, குறையே இல்லை. ஆனால் அந்த ரூம் கேன்சல் ஆகும்போது ரூம் எண்ணிக்கை மட்டும் 1 கூடுகிறது. பங்களா மூடியபடியே கிடக்கிறது.

காரணம் எளிது. பங்களாவை மூடும்போது அது எத்தனை ரூம் காலி என்று கணக்குப் போட்டு மூடுவதில்லை, அந்தத் தேதியில் ‘விற்பனை நிறுத்தம்’ என்று ஒரு டிக் போடுகிறது. கேன்சல் வந்தால் எண்ணிக்கையைத் திருத்தும், டிக்கைத் தொடாது. தேதி மாற்றமும் அப்படித்தான்: வெள்ளி, சனி இரண்டு இரவு எடுத்தவர் சனி மட்டும் போதும் என்று மாற்றினால் வெள்ளிக்கிழமை பங்களா பூட்டிலேயே இருக்கும். டபுள் புக்கிங் என்றால் விருந்தினர் வாசலில் நின்று சத்தம் போடுவார், உடனே தெரிந்துவிடும். வராமல் போன புக்கிங் பற்றி யாரும் போன் பண்ணிச் சொல்லப் போவதில்லை. மே மாத சனிக்கிழமை ஒன்று இப்படிக் காலியாகப் போனால் அது யார் கணக்கில்?

சப்போர்ட்டில் கேட்டால் “ரீஃப்ரெஷ் கொடுங்க சார்” என்கிறார்கள். ரீஃப்ரெஷ் கொடுத்தால் அந்த டிக்கையும் சேர்த்துத்தான் மறுபடி அனுப்பும். முதலில் மென்பொருளின் உள் காலண்டரில் அந்தத் தேதியின் டிக்கை எடுக்க வேண்டும், சேமிக்க வேண்டும், பிறகுதான் ரீஃப்ரெஷ். வரிசை மாறினால் ஒன்றும் நடக்காது. அவசரத்துக்கு ஓடிஏ தளத்துக்குள்ளேயே போய்த் திறக்கலாம் என்று நினைக்காதீர்கள். அடுத்த முறை மென்பொருள் விவரம் அனுப்பும்போது நீங்கள் திறந்ததை அதுவே மூடிவிடும்.

மார்க்அப், அதாவது தளத்தின் கட்டணத்துக்காக நம் ரேட் மேல் ஏற்றி வைக்கும் சதவீதம், அந்தப் பக்கமும் கவனம் தேவை. ஏர்பிஎன்பியில் மென்பொருள் வழியாக இணைந்தவர்களுக்கு ஓனர் தரப்பு சேவைக் கட்டணம் 3 சதவீதம் என்ற பழைய கணக்கு கிடையாது. மொத்தக் கட்டணமும் ஓனர் தலையில்தான், 2025 அக்டோபர் முதல் 15.5 சதவீதம். 3 சதவீதக் கணக்கில் 20,000 ரூபாய்க்கு விற்று 19,400 கைக்கு வந்ததென்றால் இப்போது 22,960 வைக்க வேண்டும். வித்தியாசம் 12.5 சதவீதம்தானே, அதைக் கூட்டினால் போதும் என்று 22,500 வைத்தால் கைக்கு வருவது 19,012 தான். கூட்டக் கூடாது, 19,400-ஐ 0.845 ஆல் (100-ல் 15.5 போக மீதி 84.5) வகுக்க வேண்டும். கட்டணத்தின் மேல் விழும் ஜிஎஸ்டி தனி.

தனி ரூம்களில் பொறி 7,500 ரூபாயில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு இரவுக்கு 7,500 வரை 5 சதவீத ஜிஎஸ்டி, அதைத் தாண்டினால் 18. விருந்தினருக்கு 7,500 ரூம் 7,875 ஆகும், 7,600 ரூம் 8,968 ஆகும். சாதாரண நாளில் 6,800 இருக்கும் ரேட் மேல் 12 சதவீத மார்க்அப் ஏறினால் 7,616. நீங்கள் கவனிக்காமலே அடுத்த வரி அடுக்குக்குப் போயாச்சு. மார்க்அப்புக்கு உச்சவரம்பு வைக்க என் மென்பொருளில் இடமில்லை. அதனால் எல்லைக்குப் பக்கத்தில் வரும் தேதிகளுக்கு ரேட்டைக் கையால்தான் போட வேண்டியிருக்கிறது.

இவ்வளவு திட்டிவிட்டு அதன் லாக் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். எந்த நொடியில், எந்தத் தளத்துக்கு, எந்தத் தேதிக்கு, என்ன எண் போனது, அங்கிருந்து என்ன பதில் வந்தது என்று வரி வரியாக இருக்கும். “14:02:11, மே 9, டீலக்ஸ், காலி 0, ஏற்கப்பட்டது” என்று ஒரு வரி கையில் இருந்தால், ஓவர்புக்கிங் உங்கள் பக்கத் தவறு என்று ஓடிஏவிடம் வாதாட உங்களிடம் ஆதாரம் இருக்கும். ரேட் பிளான் மேப்பிங் (மென்பொருளில் உள்ள பிளானைத் தளத்தில் உள்ள பிளானோடு இணைப்பது) விட்டுப்போயிருந்தால் அதுவும் இங்கேதான் சிவப்பில் தெரியும். ‘காலை உணவுடன்’ பிளான் இணைந்து ‘ரீஃபண்ட் கிடையாது’ பிளான் இணையாமல் போவது அடிக்கடி நடக்கும். அப்போது இரண்டாவது பிளான் பழைய ரேட்டிலேயே விற்றுக்கொண்டிருக்கும். பார்த்த வரைக்கும் இவ்வளவு தெளிவான லாக் வேறு எதிலும் இல்லை.

நண்பருக்கு என் பதில்: இதை வாங்காதீர்கள். நான் புதுப்பித்துவிட்டேன், வருடத்துக்கு அல்ல, மாதச் சந்தாவில், ஜூன் வரை. சீசன் தொடங்கும் ஏப்ரலுக்கு முன்னால் மேப்பிங்கைக் கலைத்துப் போட எனக்குத் துணிச்சல் இல்லை.

நீங்கள் புதிதாகத் தொடங்குவதால் டெமோவிலேயே சோதித்துவிடலாம். நாலு ரூமும் ஒரு பங்களாவும் உருவாக்கச் சொல்லுங்கள். ரூம் 1-க்கு வெள்ளி, சனி. ரூம் 2-க்கு சனி மட்டும். பிறகு ரூம் 1-ஐ கேன்சல் செய்யச் சொல்லுங்கள். யாரும் கை வைக்காமல் வெள்ளி பங்களா திறக்க வேண்டும், சனி மூடியே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் மீதி எதையும் கேட்காமல் போனை வைத்துவிடலாம். “அடுத்த அப்டேட்டில் வரும்” என்பதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

பின்னால் எப்போதாவது மாற வேண்டி வந்தால், பழைய இணைப்பைத் துண்டிக்கும் முன் வரவிருக்கும் புக்கிங் அத்தனையையும் எக்செலில் எடுத்து வையுங்கள். சில தளங்கள் பழைய புக்கிங்கைப் புது மென்பொருளுக்குத் தானாகக் கொடுக்கும், சில கொடுக்காது. கொடுக்காததைக் கையால் ஏற்றி முடிக்கும் வரை எல்லாத் தளத்திலும் விற்பனையை மூடி வையுங்கள். செவ்வாய், புதன் போல ஆள் வராத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.