காசிமிருக்காகக் காத்திருந்த இரண்டரை வருடம்: யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4-இல் போலந்து

ஒரு நாட்டைக் கையில் எடுத்து நூற்றாண்டுகள் நடத்திப் பார்க்கும் கணினி விளையாட்டு யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4. அதை விளையாட ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. வேறு நாடுகளையும் எடுத்துப் பார்த்தேன். ஆனால் திரும்பத் திரும்ப வந்து நிற்பது போலந்தில்தான்.

ஆட்டம் 1444 நவம்பர் 11 அன்று தொடங்குகிறது. முந்தைய நாள்தான் போலந்துக்கும் ஹங்கேரிக்கும் அரசரான மூன்றாம் விளாடிஸ்வாஃப், வர்னாவில் ஒட்டோமான் படையுடன் மோதி இறந்தார். வயது 20, பிள்ளை இல்லை. அதனால் போலந்தைத் திறந்தால் அரியணை காலியாக இருக்கும். அப்புறம் யாரை அரசராக்குவது என்று கேட்டுத் திரையில் ஒரு பெட்டி வரும்: இறந்தவரின் தம்பியும் லிதுவேனியாவை ஆளும் கிராண்ட் டியூக்குமான காசிமிரா, உள்ளூர்ப் பிரபு ஒருவரா? காசிமிரை அமுக்கினால், வில்னியஸிலிருந்து கீயிவ் வரை கிடக்கும் லிதுவேனியா உங்கள் கைக்குள் வந்துவிடும்.

முதல் ஆட்டத்தில் விவரம் தெரியாமல் உள்ளூர்ப் பிரபுவை எடுத்தேன். நாற்பது வருடத்துக்குள் மாஸ்கோ லிதுவேனியாவின் கிழக்கைத் துண்டு துண்டாகத் தின்றது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டியின் பின்னால் இருந்த கதையைப் படித்தபோதுதான் ஆட்டத்தின் மேல் மதிப்பு கூடியது. காசிமிர் உடனே வரவில்லை. அவரை 1440-இல் கிராண்ட் டியூக் ஆக்கியவர்கள் வில்னியஸ் பிரபுக்கள். தங்கள் நாடு போலந்துக்குக் கீழே போவதில் அவர்களுக்கு விருப்பம் இல்லை. பொறுமை இழந்த போலந்துப் பிரபுக்கள் 1446-இல் வார்சாவின் போலெஸ்வாஃபைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் அமுக்கிய அந்த ‘உள்ளூர்ப் பிரபு’ வெறும் கற்பனை இல்லை. காசிமிரை அசைக்கப் போலந்து காட்டிய நிஜமான சீட்டு. 1447 மே மாதம் லிதுவேனியப் பிரபுக்களுக்கு உரிமைச் சாசனம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஜூன் 25 அன்று கிராக்கோவில் காசிமிர் முடி சூடினார். இரண்டரை வருட பேரத்தை ஆட்டம் ஒரு கிளிக்கில் முடிக்கிறது.

எனக்கு உள்ள குறையும் இங்கேதான். இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசர் என்ற இணைப்பு அமைந்ததும், நீங்கள் எங்கே போர் தொடுத்தாலும் லிதுவேனியப் படை தானாக வரும். பிரிந்து போக அது எவ்வளவு துடிக்கிறது என்று காட்டும் ‘விடுதலை வேட்கை’ 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். நிஜத்தில், பிரஷ்யாவை ஆண்ட ஜெர்மானிய சமயப் போர்வீரர் அமைப்பான டியூட்டானிக் வீரர்களோடு 1454-இல் தொடங்கிய பதின்மூன்று வருடப் போரில் லிதுவேனியா பெரும்பாலும் ஒதுங்கியே நின்றது. அரசர் ஒரே ஆள், ஆனால் போர் ஒரு நாட்டுக்கு மட்டும். போலந்துப் பிரபுக்களும் சும்மா வரவில்லை. அதே வருடம் நியெஷாவாவில் தங்கள் சம்மதம் இல்லாமல் படை திரட்டவோ புது வரி போடவோ கூடாது என்று எழுதி வாங்கினார்கள். எதிரியின் கூலிப்படை சம்பள பாக்கிக்காக டியூட்டானிக் வீரர்களின் தலைமையிடமான மால்போர்க் கோட்டையையே 1457-இல் போலந்திடம் விற்றது. ஆட்டத்தில் அதே கோட்டையை முற்றுகையிட்டு, சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு இடத்தில் ஆட்டம் மிகச் சரி. அரசர் இறக்கும் நேரத்தில் உங்கள் நாட்டின் ‘கௌரவம்’ என்ற புள்ளி பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் இணைப்பு அறுந்துபோகலாம். எனக்கு அப்படி ஆனது. தோற்ற போருக்குப் பிறகு கௌரவம் சரிந்து கிடக்க, ராத்திரி ஒரு மணிக்கு அரசர் போய்ச் சேர்ந்தார். ஒரே நிறத்தில் இருந்த வரைபடம் இரண்டானது. ஆட்டத்தின் பிழை என்றே நினைத்தேன். ஆனால் 1492-இல் காசிமிர் இறந்ததும் நடந்தது இதுதான்: ஒரு மகன் யான் ஓல்பிராக்ட்டைப் போலந்து எடுத்துக்கொண்டது, இன்னொரு மகன் அலெக்சாந்தரை லிதுவேனியா எடுத்துக்கொண்டது. 1501-இல் ஓல்பிராக்ட் இறந்த பிறகே மறுபடி ஒரே அரசர் வந்தார்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: முதல் ஐம்பது மணி நேரம் திணறுவீர்கள், அது சகஜம். என் பழைய லேப்டாப்பில் 1700-ஐத் தாண்டினால் ஆட்டம் நகராது. எனக்கு அது பெரிய இழப்பில்லை. போலந்தின் சுவை முதல் நூற்றைம்பது வருடத்தில்தான். குடும்பச் சண்டைதான் வேண்டும் என்றால் அரச குடும்பங்களை நடத்தும் இன்னொரு விளையாட்டான க்ரூசேடர் கிங்ஸ் 3 இன்னும் நெருக்கமாகக் காட்டும். அந்தக் காலத்தில் போலந்தை ஆண்ட மூன்றாம் போலெஸ்வாஃப் 1138-இல் போலந்தை மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்த வலி அதில் நன்றாகப் புரியும்.

இப்போதெல்லாம் எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன். காசிமிரைத் தேர்ந்தெடுத்தாலும் 1447 ஜூன் 25 வரை யார் மீதும் போர் தொடுப்பதில்லை. அந்தத் தேதி வந்ததும் ஆட்டத்தை நிறுத்தி, காசிமிரின் வயதைப் பார்ப்பேன். பத்தொன்பது.