மலைநாட்டு வானுக்கு ரோட்டக்ஸ் 912 யூஎல்எஸ்ஸா, டர்போ 914ஆ?

நுவரெலியா 1,868 மீட்டர் (சுமார் 6,130 அடி) உயரத்தில் இருக்கிறது. வெயில் 20 பாகையைத் தொட்டால், எஞ்சினுக்கு அங்கே கிடைப்பது 8,000 அடிக்குரிய மெலிந்த காற்று. சொந்தமாகக் கட்டும் விமானத்துக்கு எஞ்சின் தெரிவுசெய்யும்போது முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

ரோட்டக்ஸின் சிறுவிமான எஞ்சின்களில் 912 யூஎல்எஸ் டர்போ இல்லாதது; அதன் 100 குதிரைவலு அங்கே ஏறக்குறைய 75 ஆகிவிடும். 914 புறப்படும்போது 5 நிமிடத்துக்கு 115 தரும், தொடர்ந்து 100. காற்று மெலிந்தாலும் டர்போ அதை அழுத்தி ஈடுகட்டும். அழுத்தத்தில் காற்று சூடாவதால், மூடுபனி நாளில் கார்பரேட்டரில் பனி உறையும் அபாயமும் குறைவு. 912இல் அதற்குத் தனிச் சூடேற்றி பூட்டவேண்டும்.

ஆனால் 914ஐப் பொருத்துவது சின்ன வேலையல்ல. இரண்டு மின்சார எரிபொருள் பம்புகள் வேண்டும். எரிபொருள் அழுத்தம், டர்போ அழுத்திய காற்று கார்பரேட்டருக்குப் போகும் காற்றுப்பெட்டியின் அழுத்தத்தைவிட எப்போதும் சுமார் 0.25 பார் கூடுதலாக இருக்கவேண்டும். கார்பரேட்டரில் எரிபொருள் நிற்கும் மிதவைக் கிண்ணத்துக்குப் போகும் அழுத்தக் குழாய் கழன்றால் எரிபொருள்-காற்றுக் கலவை மெலிந்து வலு விழும், அதுவும் ஏறும்போதுதான். டர்போவுக்குப் போகும் புகையைத் திருப்பிவிடும் கதவான வேஸ்ட்கேட்டின் கம்பி சிக்கி, கதவு மூடியபடியே நின்றால் அழுத்தம் எல்லை மீறும், சிவப்பு விளக்கு எரியும். எடையும் கூடுவதால் ஈர்ப்பு மையத்தை மறுபடி கணக்கிடுங்கள்.

கரையோரத்தில் பறந்து எப்போதாவது மலைக்கு வருபவருக்கு 912 தாராளம். இரண்டு பேருடன் மலையிலிருந்தே கிளம்புவதென்றால் 914தான். தரையிறங்கியதும் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, டர்போ ஆறிய பிறகே நிறுத்துங்கள்; உடனே அணைத்தால் டர்போவின் பேரிங்கில் எண்ணெய் கருகிப்போகும்.