பழைய காருக்கு ஓரப்பட்டிகளும் டயர்களும்: ஒரு பணிமனை மதிப்புரை

டிஸ்க் பிரேக்கும் புதிய ரிம்களும் பொருத்தி மாற்றியமைத்த 1950களின் காருக்குப் பக்கவாட்டு அலங்காரப் பட்டிகளைப் பொருத்தவும் டயர் தேர்ந்தெடுக்கவும், பழைய கார்களை மட்டுமே கையாளும் ஒரு பணிமனையை நாடினேன். பட்டி வேலையில் அவர்கள் காட்டிய நிதானம் என்னை மிகவும் கவர்ந்தது. முன் ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் உடற்தகடு) முதல் பின் ஃபெண்டர் வரை மாஸ்கிங் டேப் ஒட்டி, கோடு நேராக ஓடுகிறதா என்று பார்த்து, கதவு இடைவெளிகளைச் சரிசெய்த பிறகே பட்டியைப் பிடித்திருக்கும் கிளிப்புகளைத் தொட்டார்கள். கிளிப்புக்கான ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் துருத்தடுப்புப் பூச்சு தடவி, பியூட்டைல் டேப்பால் (நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் போன்ற ஒட்டுநாடா) அடைத்தார்கள். துருப்பிடிக்காத எஃகுப் பட்டி வெறும் தகட்டில் உரசினால், ஈரம் தங்கும் இடத்தில் தகடுதான் முதலில் அரிக்கப்படும் என்பதால், வெளியே தெரியாத இந்த வேலையே முக்கியமானது. நசுங்கியிருந்த பட்டியை உள்பக்கமிருந்து மெல்லத் தட்டி நிமிர்த்திப் பாலிஷ் செய்திருக்கிறார்கள். தட்டிய தடம் எங்கும் தெரியவில்லை.

டயரில் எனக்குத் தயக்கம் இருந்தது. பயஸ் பிளை டயர் (உள்ளிழைகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் பழைய வகை) அக்காலத் தோற்றத்தை அப்படியே தரும். ஆனால் சாலையின் தடங்களைப் பின்பற்றி ஸ்டியரிங்கை இழுக்கும். ஆகவே, வெள்ளைப் பட்டையுள்ள ரேடியல் டயரையே (உள்ளிழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் இக்கால வகை) பரிந்துரைத்தார்கள். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, சஸ்பென்ஷனை அமுக்கி, ஃபெண்டரில் உரசாத அளவை உறுதிசெய்தது பாராட்டத்தக்கது. ஒரு குறை உண்டு: பக்கச்சுவரிலுள்ள 4 இலக்கத் தயாரிப்புக் குறியீட்டில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும், அதன்படி ஒரு டயர் மற்றவற்றைவிடப் பழையது. நான் சுட்டிக்காட்டியதும் மறுக்காமல் மாற்றித் தந்தார்கள் என்றாலும், பொருத்துமுன் அவர்களே பார்த்திருக்க வேண்டும்.