பாதி விலையில் இதழ்ச் சந்தா: தேடல் வேலை செய்யாதவரை எனக்கு வேண்டாம்

ஆண்டுச் சந்தாவைப் பாதி விலைக்கு இறக்கியிருக்கிறார்கள், சேரலாமா என்று நண்பர் கேட்டார். தமிழ் வார, மாத இதழ்களையும் அவற்றின் பழைய இதழ்களையும் ஒரே சந்தாவில் தரும் செயலிகளில் ஒன்றைப் பற்றித்தான் கேட்கிறார். வசதிகள் அவருக்கே தெரியும். கடைக்கு வரும் முன்பே இதழ் வந்துவிடும், வீட்டில் இரண்டு மூன்று கருவிகளில் படிக்கலாம், இணைப்பு இல்லாத இடத்துக்கு இறக்கி வைத்துக்கொள்ளலாம். எல்லாம் சொன்னபடி நடக்கிறது. அதனால் நேராக எரிச்சலுக்கு வருகிறேன்: தேடல் பெட்டி.

‘பனங்கற்கண்டு’ என்று தட்டினால் முடிவு எதுவும் இல்லை. அதே சொல் கொட்டை எழுத்துத் தலைப்பாக இருக்கும் பழைய இதழைத் திறந்து பார்த்தால், பக்கத்தில் பளிச்சென்று நிற்கிறது. எழுத்தாளர் பெயர், ஊர்ப்பெயர், மூலிகைப் பெயர் எதைக் கேட்டாலும் இதே கதைதான். அட்டைப்படக் குறிப்பாகக் கையால் தட்டிச் சேர்த்த சில சொற்கள் மட்டும் அகப்படும். ஆயிரக்கணக்கான பக்கங்களை வைத்துக்கொண்டு உள்ளே நுழைய வழி இல்லாத களஞ்சியம் இது. பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். புதுப்பிப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. முகப்பு மாறியது, நிறம் மாறியது, தேடல் மாறவில்லை.

காரணம் செயலியில் இல்லை, பக்கம் கட்டும் அறையில் இருக்கிறது. தமிழ் இதழ்கள் பல காலம் பேஜ்மேக்கர், குவார்க் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் ஸ்ரீலிபி, வானவில் போன்ற எழுத்துருக்களை வைத்துப் பக்கம் கட்டின. அந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்தின் வடிவம் ஆங்கில எழுத்துக்கும் குறியீட்டுக்கும் உரிய இடத்தில் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது வேறு ஏதோ. அப்படிக் கட்டிய பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றினால், தேடல் இயந்திரம் எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறியில் (யூனிகோடு) உள்ள தமிழைத் தேடும். உள்ளே இருப்பதோ பொருளற்ற குறிகளின் வரிசை. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இல். அதற்குப் பிறகு வெளிவந்த இதழ்களிலும் இந்தக் குறை தொடர்வதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

‘எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றைப் போட்டு மாற்றிவிடலாமே’ என்பார்கள். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு பொத்தான் வேலை இல்லை. பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, க, கால் என்று கண்ணில் படும் வரிசையில் மூன்று துண்டாகக் கிடக்கும். ஒருங்குறியில் க முதலில், உயிர்க்குறி பிறகு. ஆகவே இடத்துக்கு இடம் மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். ஒரே கட்டுரையில் தலைப்புக்கு ஒரு எழுத்துரு, உடலுக்கு வேறொன்று, பெட்டிச் செய்திக்கு மூன்றாவது என்று வைத்திருப்பார்கள்; மூன்றுக்கும் குறியேற்றம் வெவ்வேறாக இருக்கலாம். நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லையும் அந்த மென்பொருள் தமிழ் என்று நினைத்துக்கொண்டு குப்பையாக்கிவிடும். அச்சகத்தில் எழுத்துரு தகராறு வரக்கூடாது என்று தலைப்புகளை வெறும் கோட்டுருவமாக மாற்றி அனுப்பியிருந்தால், மாற்றுவதற்கு எழுத்தே மிஞ்சாது.

புதிய இதழ்களை இன்டிசைன் என்ற இன்றைய வடிவமைப்பு மென்பொருளில் ஒருங்குறியிலேயே கட்டினாலும் பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை உருவக்கூடாது. கொம்புகள் இடம் மாறி ‘கெ’ என்பது ‘ெக’ என்று வரும். வரி முடிவில் உடைந்த சொல் இரண்டு துண்டாகவே கிடக்கும். ‘தஞ்சா’ ஒரு வரி, ‘வூர்’ அடுத்த வரி என்றால் தஞ்சாவூரைத் தேடுபவருக்கு அது கிடைக்காது. சரியான வழி, பக்கம் கட்டிய மூலக்கோப்பிலிருந்தே கட்டுரையைத் தனி எழுத்தாக ஏற்றுமதி செய்து, தலைப்பு, ஆசிரியர், பக்க எண், தேதி நான்கையும் ஒட்டிச் சேமிப்பது. மூலக்கோப்பு தொலைந்த பழைய இதழ்களுக்கு, படத்தைப் பார்த்து எழுத்தை அறியும் ஒளிவழி எழுத்துணரிதான் (ஓசிஆர்) கதி. அதற்கும் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் வருடிய படம் வேண்டும். செயலிக்காகச் சுருக்கிய மங்கல் படத்தைக் கொடுத்தால் ‘ன’வும் ‘ள’வும் குழம்பும். மூன்று பத்திப் பக்கத்தில் பத்தி எல்லையை முதலில் குறித்துக் கொடுக்காவிட்டால் வரி வரியாகக் குறுக்கே படித்துவிடும்.

படிப்பதற்கும் இதே தொல்லைதான். 20 சென்டிமீட்டர் அகலப் பக்கத்தை 7 சென்டிமீட்டர் அகலக் கைப்பேசித் திரையில் காட்டினால் 10 புள்ளி எழுத்து மூன்றரைப் புள்ளி ஆகிறது. விரலால் பெரிதாக்கி, பத்தியின் அடிவரை இறங்கி, மறுபடி மேலே ஏறி அடுத்த பத்திக்குப் போக வேண்டும். 10 அங்குலக் கைக்கணினியில் இந்தத் தொல்லை இல்லை. அது இருந்தால் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் பார்வையற்ற வாசகர்களுக்கு எந்தக் கருவியிலும் விமோசனம் இல்லை. பக்கம் வெறும் படமாக இருப்பதால் திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் வாய் திறக்காது. காசு வாங்கிக்கொண்டு ஒரு வாசகரை வெளியே நிறுத்துவது எனக்குப் பெரிய தவறாகவே படுகிறது.

இனி நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அச்சுப் பக்கத்தை அப்படியே தருவதால்தான் ஓவியங்கள் பிழைத்திருக்கின்றன. ஓவியர் கோபுலுவின் கோட்டுச் சித்திரத்தைத் திரை கொள்ளும்வரை பெரிதாக்கி, ஒவ்வொரு முகத்தையும் தனியாகப் பார்க்க முடிகிற சுகம் தாளில் கிடைக்காது. பழைய விளம்பரங்கள், வாசகர் கடிதங்கள், பக்கம் நிரப்பும் துணுக்குகள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. எழுத்தை மட்டும் தரும் இணையப் பக்கத்தில் இவைதான் முதலில் உதிரும். தொடர்கதையை அது வந்த வாரத்தின் அரசியல் கேலிச்சித்திரத்தோடு சேர்த்துப் படிப்பது வேறு அனுபவம். இதற்காகவே நான் இத்தனை காலம் பணம் கட்டினேன். பக்க உருவம் வேண்டும். அதன் அடியில் உண்மையான எழுத்தும் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தருவது தொழில்நுட்பத்தில் பழைய சங்கதி.

பதிப்பகங்களின் நெருக்கடியும் தெரியாததில்லை. 1941இல் தொடங்கிய கல்கி 2020இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. தாளும் அச்சும் முகவர் கழிவும் விற்காமல் திரும்பும் கட்டுகளும் போனால் செலவு போயிற்று என்று நினைப்பது பிழை. அச்சு இதழுக்கு ஜிஎஸ்டி இல்லை. மின் சந்தாவுக்கு 18 விழுக்காடு. உதாரணத்துக்கு 500 ரூபாய்ச் சந்தா என்றால் சுமார் 76 ரூபாய் வரி. கூகுள் கடை வழியாகக் கட்டினால் மீதி 424இல் 15 விழுக்காடு, அதாவது 64 ரூபாய் போய் 360 மிஞ்சும். ஆப்பிளில் முதல் ஆண்டு 30 விழுக்காடு பிடித்தால் 297தான். அதன் பிறகுதான் செயலிக்காரருக்கும் பதிப்பகத்துக்கும் பங்கு. தொகுப்புச் செயலிகளில் பல, வாசித்த நேரத்தை வைத்துப் பங்கைப் பிரிக்கின்றன. இங்கேதான் தேடல் மறுபடி வந்து நிற்கிறது: கண்டுபிடிக்க முடியாத கட்டுரையை யாரும் வாசிப்பதில்லை, வாசிக்காத நிமிடத்துக்குப் பங்கும் இல்லை. ஐம்பது வருடச் சொத்தை வைத்துக்கொண்டு இந்த வார இதழை மட்டும் விற்கிறார்கள்.

எப்படியும் சேருவேன் என்பவர்கள் செயலிக்குள் பணம் கட்ட வேண்டாம். உலாவியில் இணையதளத்துக்குப் போய்க் கட்டுங்கள். பெரும்பாலும் விலை குறைவாக இருக்கும், பதிப்பகத்துக்கும் கூடுதலாகப் போய்ச் சேரும். கட்டும்போது எந்தக் கைப்பேசி எண்ணில் நுழைந்தீர்களோ அதே எண்ணிலேயே செயலியிலும் நுழையுங்கள். இங்கே ஓடிபி, அங்கே கூகுள் கணக்கு என்று நுழைந்தால் இரண்டு தனிக் கணக்குகள் உருவாகி, சந்தா காணாமல் போனது போலத் தெரியும். செயலியை நீக்கினால் தானியங்கிப் புதுப்பிப்பு நிற்காது. யுபிஐ செயலியின் தானியங்கிக் கட்டணப் பகுதியிலோ, அட்டை கொடுத்த வங்கியின் தளத்திலோ போய், பணம் எடுக்கக் கொடுத்த ஆணையை ரத்து செய்ய வேண்டும். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். அட்டையை மாற்றினால் பழைய ஆணை செத்துவிடலாம், அப்போது புதிதாகப் பதிய வேண்டும்.

சந்தா முடிந்ததும் இறக்கி வைத்த இதழ்களும் பூட்டிக்கொள்ளும். கட்டியது வாசகசாலைக் கட்டணம், வாங்கியது புத்தகமல்ல. அந்த வாசகசாலையும் நம் கையில் இல்லை. 2025 பிப்ரவரியில் விகடன் பிளஸ் மின்னிதழில் வந்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. அந்த ஒரு பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது மார்ச்சில். அதுவரை அந்தத் தளத்தில் சந்தா கட்டியிருந்தவர்களும் வெளியேதான் நின்றார்கள். அச்சிட்ட இதழ் என்றால் வாங்கியவர் வீட்டில் இருந்திருக்கும்.

ஓவியத்துக்காகவே கட்டலாம் என்று மேலே சொன்னேன். அதில் மாற்றமில்லை. ஆனாலும் இந்தப் பாதி விலைக்கு நான் புதுப்பிக்கப் போவதில்லை. விலையைக் குறைக்க முடிந்தவர்களுக்குத் தேடலைச் சரிசெய்ய முடியவில்லை என்பதை ஏற்க மனம் வரவில்லை. நண்பருக்கு என் பதில்: ஆண்டுச் சந்தா வேண்டாம், ஒரு மாதம் மட்டும் கட்டு. முதல் நாளே மூன்று காரியம் செய். இந்த வார இதழிலிருந்து ஒரு சொல்லையும் பத்து வருடத்துக்கு முந்தைய இதழிலிருந்து ஒரு சொல்லையும் தேடிப் பார். ஒரு வரியை அழுத்திப் பிடித்து நகலெடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிப் பார். தமிழாக வருகிறதா, குறியீட்டுக் குப்பையாக வருகிறதா என்று தெரிந்துவிடும், நகலெடுக்கவே விடாவிட்டால் அதுவும் பதில்தான். திரைவாசிப்பானை இயக்கி ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல். மூன்றில் ஒன்று தோற்றாலும் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, எந்த ஆண்டு முதலான இதழ்களில் எழுத்துத் தேடல் உண்டு என்று தேதியோடு பதில் கேள்.